எங்கள் வீட்டுக் குழாய் தட்டிய வருஷம்

1

“அங்கே வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருமாமே, கிணற்றடிக்கே போக வேண்டாமாமே?” என்று போன கப்பலில் வந்த கடிதத்தில் என் நாத்தனார் கேட்டிருந்தாள். வரும் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். கை வரவில்லை.

மலாய் நாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பும்படி இந்தப் பத்திரிகையின் ஆசிரியரும் கேட்டு வெகு நாளாயிற்று. ஊரில் இருப்பவர்களுக்கு இங்குள்ள சௌகரியங்களைக் கேட்பதில் ஆசை. மின்சார விளக்கு, மோட்டார் வண்டி, குழாய்த் தண்ணீர். நானும் ஒரு சௌகரியத்தைப் பற்றியே எழுதுகிறேன். என் கணவரை ஆஸ்பத்திரியில் விட்டு நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. அவர் அங்கே போன கதையைச் சொல்வதென்றால் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்று வருஷம் உபாத்தியாயினியாக இருந்தவள். கல்யாணமாகிக் கப்பலேறினேன். கணவர் பெயர் தேவசகாயம். கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது துரைக்குக் கீழே கணக்கும் பெயர்ப்பட்டியலும் எழுதுகிறவர். அங்கே பன்னிரண்டு வருஷம் இருந்தோம். பிறகு ஈப்போவில் சர்க்கார் சரக்கு ஆபீஸில் அவருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து, ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் கட்டிய ஒரு வரிசையில் முதல் வீட்டைக் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரே பெண், ரூத். அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

அந்த வீட்டுக் குழாயை முதல் முதலாகத் திறந்த அன்று நான் அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். தோட்டத்தில் ஆற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வரும் ஆளுக்காக பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவள் நான். இரும்புக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் சுளீரென்று கையில் விழுந்தபோது, இனி நம் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

2

குடிபோன ஒரு வாரத்தில் சத்தம் தொடங்கியது. விடியற்காலையில் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில், எங்கள் பின்சுவரில் ‘டம்’ என்று ஓர் அடி. உடனே ‘டம் டம்’ என்று இரண்டு. யாரோ முஷ்டியால் பலகையை இடிக்கிற மாதிரி. சாயங்காலமும் அதே கதை.

முதல் தடவை கேட்டதும் என் கணவர் “யாரு?” என்று குரல் கொடுத்துக்கொண்டே போய் வாசல் கதவைத் திறந்தார். வெளியே யாரும் இல்லை. ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, அது பைப்பு! பைப்புக்குப் போய் கதவத் தொறக்கிறியே!” அவரும் சிரித்தார். மறுநாளும் போய்த் திறந்தார். அதற்கு மறுநாளும் திறந்தார். பத்து நாளில் ரூத் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். ‘டம்’ என்று கேட்டதும் சோற்றுக் கையோடு எழுந்து போவார். கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் அதன்பிறகு ஒரு வாய் இறங்காது. “குழாய்தாங்க” என்பேன். “தெரியுது ஞானம். தெரியாமலா இருக்கு?” என்பார். அடுத்த சத்தத்துக்கு மறுபடியும் எழுந்திருப்பார்.

குழாயைச் சரி செய்துவிட்டால் மனுஷர் சரியாகிவிடுவார் என்று நான் திடமாக நம்பினேன். இதை எழுதும்போது அந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

3

இந்த ஊரில் ஒரு குழாய்க்கு மூன்று எஜமானர்கள். தெருவிலிருந்து வருகிற தண்ணீர் தண்ணீர் ஆபீஸைச் சேர்ந்தது. சுவரில் பதித்த குழாய் கட்டட ஆபீஸைச் சேர்ந்தது. முனையில் உள்ள திருகு குடியிருப்பவர் பொறுப்பு. தண்ணீர் ஆபீஸில் போய்ச் சொன்னால் கட்டட ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், சத்தம் தண்ணீரால் வருகிறதா குழாயால் வருகிறதா என்று தண்ணீர் ஆபீஸில் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். கணவரைப் போகச் சொல்ல முடியவில்லை. ஆபீஸில் ஏற்கெனவே அவர் எழுத்தில் பிழை அதிகமாகிறது என்று பெரிய குமாஸ்தா கடிந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் முறை போனபோது ஜன்னலில் ஒரு மலாய்க்காரர் இருந்தார். தமிழ் தெரிந்தவர் அன்று வரவில்லை. தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தும் எனக்கு மலாய் வார்த்தை பத்தோ பதினைந்தோதான். தட்டுகிறது என்பதற்கு என்ன வார்த்தை என்று காலையில் ரூத்திடம் கேட்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் விடியற்காலையிலும் சாயங்காலமும் என்று கையைக் காட்டி அந்த வார்த்தையையும் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாலாம் நாள் ஒரு ஆள் வாளியும் சுண்ணாம்பும் கொண்டு வந்து பின்சாக்கடையில் கொட்டிவிட்டு, ரூத்திடம் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டான். அவள் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, நீ என்ன சொன்ன அங்க?”

“நீ சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன். காத்தாக்.”

“ஐயோ அம்மா! நான் சொன்னது கெத்தோக். காத்தாக்னா தவளை. சாக்கடைல தவளை கத்துதுன்னு எழுதி வெச்சிருக்காங்க.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, “இனிமே நானே வாரேன். நீ பேசாத” என்றாள். அந்த வருஷம்தான் அவளை இங்கிலீஷ் கான்வென்டில் சேர்த்திருந்தோம். ஆபீஸ் ஜன்னலில், கடையில், பஸ்ஸில், என்னுடைய பேச்சையெல்லாம் என் மகள் பேசத் தொடங்கியது அன்று முதல்தான். சொந்தப் பெண்ணின் பின்னால் ஊமைபோல் நிற்பது எப்படி என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் விளங்காது.

4

ஒரு நாள் சாயங்காலம் குழாய் தட்டியது. கணவர் கதவைத் திறந்து, வெறும் வாசலைப் பார்த்து, “மாரிமுத்து, உள்ள வாப்பா” என்றார்.



மாரிமுத்து யார் என்று சொல்ல வேண்டும். ரப்பர் விலை விழுந்த வருஷம், தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் ஊர்களுக்கும் ஆட்கள் வந்திறங்கியிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் துரை நாற்பது பேர் என்று மட்டும் சொன்னார். எந்த நாற்பது பேர் என்று எழுத வேண்டியது கிராணியின் வேலை. என் கணவர் மூன்று நாள் எழுதினார், அடித்தார், எழுதினார். முப்பத்தொன்பது பேரை, ஊருக்குப் போனாலும் சாகமாட்டார்கள் என்று தேற்றிக்கொண்டு எழுதினாராம். நாற்பதாவது பெயர் மாரிமுத்து. அவன் பெண்சாதிக்கு ஒன்பதாம் மாதம். கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று நினைத்தார்.

பட்டியல் ஒட்டிய அன்று மத்தியானம் நல்ல மழை. மாரிமுத்து வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். “ஐயா, கிராணி ஐயா, ஒரு மாசம் மட்டும் நிறுத்தி வெய்யுங்க ஐயா. அவளால நடக்க முடியாது ஐயா.” அவளும் அவனோடு நனைந்துகொண்டு நின்றாள். ஜன்னல் இடுக்கில் அவள் சேலை தெரிந்தது. என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். கதவு திறக்கவில்லை. மழை விடும்வரை தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு போய்விட்டார்கள்.

பினாங்கில் கப்பலுக்குக் காத்திருந்த முகாமில் அவளுக்குப் பிரசவ வலி வந்து, பிள்ளையும் அவளுமாகப் போய்விட்டார்கள் என்று, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன கங்காணி வந்து சொன்னார். மாரிமுத்து தனியாகக் கப்பலேறினானாம். அடுத்த மாதம் துரை கிராணியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாள்கூடப் பேசிக்கொண்டதில்லை. ஈப்போவுக்கு வந்துவிட்டோம், அது அங்கேயே நின்றுவிட்டது என்று நான் இருந்தேன்.

5

ஆபீஸ்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும், கோயில் போதகர் சொல்லி முனியாண்டி என்ற பைப் மிஸ்திரி வந்தார். தோட்டத்தில் பிறந்து, ஈயச் சுரங்கத்தில் குழாய் பூட்டக் கற்றுக்கொண்டு, இப்போது டவுனில் வேலை செய்கிறவர். வந்தவுடன் பையைத் திறக்கவில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டார். குழாயை நெடுகத் தடவிக்கொண்டே ஆறாம் வீடுவரை நடந்தார்.

“அம்மா, இந்தச் சத்தம் ஒங்க வீட்டுல கேக்குது. ஆனா ஒங்க வீட்டுல பொறக்கல.”

ஒவ்வொரு வீடாகத் திறந்து மூடிப் பார்க்கலாம் என்றார். ரூத் பின்சந்தில் நின்று கூவ, ஒவ்வொரு வீட்டு அம்மாளும் குழாயைத் திறந்து மூடினார்கள். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, எங்கள் சுவரில் ஒன்றும் இல்லை. ஆறாம் வீட்டுச் செல்லம்மா அக்கா மூடியதும் ‘டம் டம்’ என்று எங்கள் பின்சுவர் அதிர்ந்தது. மற்ற வீடுகளில் மெதுவாகத் திருகி மூடுகிற குழாய். அவர்கள் வீட்டில் மட்டும் கைப்பிடியைச் சடக்கென்று தள்ளி மூடுகிற புதுவிதக் குழாய் வைத்திருந்தார்கள்.

“இவ்வளவு தூரத்துல மூடுனா இங்க எப்படி மிஸ்திரி இடிக்கும்?” என்று கேட்டேன்.

“தண்ணி வேகமா ஓடி வருதுலா. டக்குனு மூஞ்சில அடிச்ச மாதிரி மூடிட்டா அது எங்க போகும்? வந்த வழியே திரும்பி ஓடி, எங்க பைப்பு ஆடுதோ அங்க வந்து முட்டும். ஒங்க செவுத்துல பைப்பப் புடிக்கிற பட்டையெல்லாம் கழண்டு கெடக்கு. அதான் இங்க வந்து இடிக்குது.”

செல்லம்மா அக்காவுக்கு மனத்தாங்கல். “நான் என்ன வேணும்னா செஞ்சேன்? என் பைப்புல ஒரு சத்தமும் இல்லியே!” என்றாள்.

“ஒங்க மேல தப்பு இல்ல அக்கா. பைப்பத்தான் சரி பண்ணணும்” என்று மிஸ்திரி சமாதானம் சொன்னார்.

ஒரு நாள் முழுக்க வேலை. ஆறாம் வீட்டில் திருகுக் குழாய் மாட்டினார். மூன்றாம் வீட்டுக் குழாயில் இற்றுப்போயிருந்த தோல் வாஷரை மாற்றினார். எங்கள் சுவரில் புது இரும்புப் பட்டைகள் அடித்தார். வரிசையின் கடைசியில், பிரதான குழாயிலிருந்து மேல்நோக்கி ஒரு முழக் குழாயை நிறுத்தி மேலே மூடி போட்டார். “இதுக்குள்ள காத்து இருக்கும். தண்ணி வந்து மோதுனா காத்து வாங்கிக்கும். செவுத்துக்குப் போகாது. வருசத்துக்கு ஒரு தடவ லைன வடிச்சுட்டு மறுபடியும் காத்து ஏத்தணும். மறந்துடாதீங்க.”

கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் அவரைக் குழாயருகே நிறுத்தி, குழாயில் கை வைக்கச் சொன்னார் மிஸ்திரி. ஆறு வீடுகளிலும் ஒரே சமயத்தில் திறந்து மூடினார்கள். சுவர் அசையவில்லை.

“கேக்குதா ஐயா?”

“நின்னுடுச்சு” என்றார் என் கணவர். “நல்ல வேலை செஞ்சிருக்கீங்க.”

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுக்களைக்குப் போய் மிஸ்திரிக்குக் காப்பி கலந்தேன். கொண்டுவந்தபோது கணவர் தலையை வாசல் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“குழாய் நின்னுடுச்சு, ஞானம். ஆனா அவன் இன்னும் தட்டுறானே.”

மிஸ்திரி என்னைப் பார்த்தார். நான் காப்பியைக் கீழே வைத்தேன். 

6

அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் குடியிருப்பது எத்தனை கொடுமை என்று எனக்குத் தெரியும். குழாய் இடித்தவரைக்கும் அவருக்குக் கேட்டது எங்களுக்கும் கேட்டது. “குழாய்தாங்க” என்று ஒரு பதிலாவது என்னிடம் இருந்தது. அதையும் நானே ஆள் வைத்து அடைத்துவிட்டேன். இப்போது அவர் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். ஒரு நாள் அவர் ஆபீஸ் போனதும் சுத்தியலை எடுத்து, மிஸ்திரி அடித்த பட்டைகளில் நாலைப் பெயர்த்தேன். செல்லம்மா அக்காவிடம் போய், பரணில் போட்டிருந்த அந்தக் கைப்பிடிக் குழாயை மறுபடியும் மாட்டிக்கொள்ளும்படி கெஞ்சினேன். மேல்குழாயில் உள்ள காற்றைப் போக்கிவிடும்படி மிஸ்திரியையும் வரவழைத்துக் கேட்டேன்.

“அம்மா, நல்லாயிருக்கிறத எதுக்குக் கெடுக்கச் சொல்றீங்க?”

“அவருக்காக மிஸ்திரி. குழாய்ச் சத்தம்னு அவரு நம்பணும்.”

மிஸ்திரி மெதுவாகப் பையைத் திறந்தார். பிறகு நான் சொன்னபடி செய்தார்.

சாயங்காலம் செல்லம்மா அக்கா கைப்பிடியைத் தள்ளினாள். சுவர் இடித்தது. நான் சிரித்துக்கொண்டு, “பாத்தீங்களா, மறுபடியும் குழாய் தட்டுது” என்றேன்.

கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை அது. “இது குழாய், ஞானம். அது வேற” என்றார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ரூத்தும் கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது வாசல் கதவே இல்லை. கீல் ஆணிகளைக் கழற்றிக் கதவைத் தரையில் படுக்கப் போட்டிருந்தார். மழைச் சாரல் உள்ளே அடித்து, பாயும் தலையணையும் வேதப்புத்தகமும் நனைந்து கிடந்தன. அவர் நடுவில் நாற்காலி போட்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “இனிமே யாரும் தட்ட வேண்டாம்” என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் முகத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

கதவைத் திரும்ப மாட்ட அவர் விடவில்லை. மூன்று வாரம் கதவில்லாத வீட்டில் இருந்தோம். சர்க்கார் சொத்துக்குச் சேதம் என்று கட்டட ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. குழாய்க்காக நடையாய் நடந்தபோது வராத மேற்பார்வையாளர், கதவுக்காக மறுநாளே வந்தார்.

7

ஈப்போவுக்கு வெளியே மூளைக்கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வெள்ளைக்கார டாக்டர் கேட்டதையெல்லாம் ரூத்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். என் பதிலை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். தகப்பன் எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, யாரோடு பேசுகிறார், அடிப்பாரா. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் முன்னாலேயே அந்தக் குழந்தை எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கான்வென்டில் பாடம் ஒப்பிப்பதைப்போல் சொன்னாள்.

கடைசியில் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார். ரூத் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, மாரிமுத்துன்னு ஒருத்தர் நெஜமாவே இருந்தாரா, நம்ம வீட்டுக் கதவ வந்து தட்டினாரான்னு கேக்குறாரு.”

கணவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவ்வளவு தெளிவான பார்வை.

“இல்லைன்னு சொல்லு” என்றேன்.

அவள் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். என் கணவர் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் என்னோடு பேசவே இல்லை. இந்த ஒரு வருஷமாகவும் பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். கொண்டுபோன பழத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். நல்ல முன்னேற்றம், இப்போதெல்லாம் கதவுப் பக்கமே போவதில்லை என்று அங்கே நோயாளிகளைக் கவனிக்கும் டிரஸர் சொல்கிறார்.

8

வேலை போனதால் வீடும் போயிற்று. ஜெலாப்பாங் போகிற சாலையில் ஓர் அறை எடுத்து, மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். தண்ணீர் கிணற்றிலிருந்துதான். ரூத் கான்வென்டிலேயே தங்கிப் படிக்கிறாள். கன்னியாஸ்திரிகள் இரங்கி இடம் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பாதி புரியும்.

போன மாதம் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். அவளோடு படிக்கும் ஒரு பெண்ணின் தாய், நல்ல மாதிரி, என்னிடம் வந்து, “ஒங்க வீட்டுக்காரருக்கு பாரிட் புந்தார் ஊருக்கு மாத்தலாயிடுச்சாமே அக்கா? ரூத் சொல்லிச்சு. அங்க சவுகரியமா இருக்காரா?” என்று கேட்டாள்.

ரூத் நாலடி தள்ளி, கையில் பரிசுப் புத்தகத்தோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. புத்தக அட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

“சவுகரியமா இருக்காரு” என்றேன். “வயல்காட்டு ஊரு. நல்ல காத்து.”

திரும்பி வரும்போது கேட் வரைக்கும் கூட வந்தாள். அங்கிருந்து திரும்பிப் போய்விட்டாள். பொய் சொல்லாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

9

இதையெல்லாம் இந்த நாட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. போதகரிடம்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாரிமுத்து முசிறிப் பக்கத்து ஆள் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். இந்தப் பத்திரிகை அந்தப் பக்கமெல்லாம் போகிறது. அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் வாசிக்கிறவர்கள் அந்த ஊர்களில் இருப்பீர்கள். மலாய் நாட்டிலிருந்து பெண்சாதியைப் பறிகொடுத்துத் தனியாகத் திரும்பிய ஒரு மாரிமுத்து உங்கள் கண்ணில் பட்டால், அவனிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. அவன் என்ன நினைத்துக்கொண்டு கப்பலேறினான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்திருக்கலாம். கிராணி ஐயா கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருக்கலாம். இரண்டும் பொய்.

அன்று வீட்டில் ஆள் இருந்தது. தட்டியது கேட்டது. கதவைத் திறக்க ஐயா எழுந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தது கிராணி அம்மா.